நெகட்டிவ்னு வந்த ரிப்போர்ட்டை எத்தனை வருஷம் நம்பலாம்?

கர்ப்பப்பை வாய் கேன்சரை முன்னாடியே கண்டுபிடிக்க பாப் டெஸ்ட் நல்லதா, பாட்டில்ல போட்டு அனுப்பற லிக்விட் பேஸ்டு நல்லதா, இல்ல ஹெச்பிவி டெஸ்ட்தான் எடுக்கணுமா? செல்லை மைக்ராஸ்கோப்ல பாக்கற சைட்டாலஜி லேப்ல வேலைன்னு சொன்னாலே இந்தக் கேள்வி வந்துரும். கேக்கறவங்க ஒரே வார்த்தையில பதில் எதிர்பாப்பாங்க. நான் ஹெச்பிவின்னு ஒரே வார்த்தையில சொல்லிட்டுப் போயிரலாம், ஆனா ஏன்னு சொல்லாம விட்டா நாளைக்கு இன்னொருத்தர் வேற பேரைச் சொல்லும்போது இவங்க குழம்பிப் போவாங்க, அதனால கொஞ்சம் விரிவாவே எழுதிடறேன்.

முதல்ல ஒண்ணு. கர்ப்பப்பை வாய் கேன்சர் ராத்திரியோட ராத்திரியா வர்ற நோய் கிடையாது. ஹெச்பிவி வைரஸ் தொத்தி, அது போகாம உள்ளயே தங்கி, செல் கொஞ்சம் கொஞ்சமா மாறி, கேன்சருக்கு முந்தின படிகளான சின் 1, சின் 2, சின் 3ன்னு போய் கேன்சராகறதுக்குப் பொதுவா 15, 20 வருஷம் ஆகும். இவ்வளவு அவகாசம் கொடுக்கற நோய்க்கு 2022ல மட்டும் உலகம் முழுக்க சுமார் 6 லட்சத்து 60 ஆயிரம் பேர் ஆளாகியிருக்காங்க, சுமார் 3 லட்சத்து 50 ஆயிரம் பேர் இறந்திருக்காங்க. அந்த எண்ணிக்கையைப் பாக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும், ஏன்னா இதுல பெரும்பாலானதை முன்னாடியே பிடிச்சு, சின்ன சிகிச்சையோட முடிச்சிருக்கலாம்.

டெஸ்ட்டுகளை ஒப்பிடறவங்க எல்லாரும் எது எவ்வளவு கண்டுபிடிக்குதுன்னுதான் பாக்கறாங்க. நான் அதுக்கு அடுத்ததையும் பாப்பேன். ஸ்க்ரீனிங்குக்கு வர்றவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு நெகட்டிவ்னுதான் ரிப்போர்ட் போகும், அவங்க அதை நம்பி வீட்டுக்குப் போயிருவாங்க, அடுத்த தடவை வர்ற வரைக்கும் அந்த ஒரு தாள்தான் அவங்களுக்குக் காவல். அந்தத் தாள் எத்தனை வருஷம் தாங்கும்? இந்தக் கேள்வியைக் கையில வச்சுக்கிட்டுப் பாத்தா மூணு டெஸ்ட்டும் தனித்தனியா தெரிய ஆரம்பிச்சுரும்.

பாப்ல இருந்து ஆரம்பிக்கறேன், நான் வேலை கத்துக்கிட்டது அதுலதான். கிரீஸ்ல பிறந்து அமெரிக்கால வேலை பாத்த ஜார்ஜ் பாபனிகொலாவ் 1928ல இதைப் பத்தி முதல்ல பேசினப்ப யாரும் பெருசா எடுத்துக்கல, ஹெர்பர்ட் ட்ராட்டோட சேந்து 1941ல கட்டுரை எழுதினதுக்கு அப்புறம்தான் திரும்பிப் பாத்தாங்க. அதே காலத்துல ருமேனியால ஆரெல் பாபேஷ்னு ஒருத்தர் தனியா இதே யோசனைக்கு வந்திருந்தார், அவர் பேரை இன்னைக்கு நிறைய பேருக்குத் தெரியாது. செய்முறை என்னவோ எளிமைதான். கர்ப்பப்பை வாயில சுரண்டி எடுத்ததை கண்ணாடி ஸ்லைடுல தேய்ச்சு உடனே 95 சதவீத ஆல்கஹால்ல போடணும். அந்த "உடனே"லதான் பாதி விஷயம் இருக்கு. கொஞ்சம் காத்துல காய விட்டாலும் செல்லோட நியூக்ளியஸ் உப்பிப்போய், உள்ள இருக்கற நுணுக்கம் எல்லாம் மங்கிரும், அப்புறம் எத்தனை தடவை சாயம் போட்டு ஸ்டெயின் பண்ணாலும் அது திரும்ப வராது. இன்னொரு விஷயம், எடுத்த சாம்பிள்ல பெரும்பகுதி அந்த ஸ்பாட்டுலாலயும் பிரஷ்லயும் ஒட்டிக்கிட்டே குப்பைக்குப் போயிருது. ஸ்லைடுக்கு வர்றது ஒரு பங்குதான், அந்த ஒரு பங்குல மோசமான செல் இருந்தா உண்டு.

ஸ்லைடு படிக்கறது எப்படி இருக்கும்னு சொல்றேன். 10 எக்ஸ் லென்ஸ் போட்டு ஒரு ஓரத்துல ஆரம்பிச்சு, மேலயும் கீழயுமா, ஒரு ஃபீல்டு இன்னொரு ஃபீல்டு மேல கொஞ்சம் விழற மாதிரி நகத்திக்கிட்டே போகணும், நடுவுல ஒரு கோடு அளவு கூட விட்டுரக்கூடாது. சந்தேகமா ஏதாவது பட்டா பேனாவால பக்கத்துல ஒரு புள்ளி வச்சிட்டு 40 எக்ஸ்ல பாப்போம். பிங்க், பச்சை, ஆரஞ்சுன்னு பெரிய பெரிய செல்லெல்லாம் அழகா விரிஞ்சு கிடக்கும். வைரஸ் புகுந்த கொய்லோசைட் நியூக்ளியஸைச் சுத்தி வெள்ளையா ஒரு வட்டத்தோட, ஓரம் தடிச்சு, தானே வந்து கண்ணுல மாட்டும். ஆனா நம்ம உண்மையிலேயே தேடற ஆபத்தான செல், அதாவது ஹெச்சில்னு ரிப்போர்ட்ல எழுதற ரகம், சின்னதா, ஒத்தையா, வெள்ளையணுக்களுக்கு நடுவுல ஒளிஞ்சுக்கிட்டு இருக்கும். நியூக்ளியஸ் ஓரம் மட்டும் ஒரு ஒழுங்கில்லாம சுருங்கியிருக்கும், செல்லுல பெரும்பங்கு நியூக்ளியஸே அடைச்சிருக்கும். ஒரு ஸ்லைடுல ஆயிரக்கணக்கான செல்லுக்கு நடுவுல அது மாதிரி அஞ்சாறுதான் இருக்கும்னு வைங்க, கண்ணு களைச்சிருக்கற நேரத்துல அது அப்படியே நழுவிப் போயிரும். இதை எல்லாம் யோசிச்சுதான் அமெரிக்கால 1988ல சட்டமே போட்டு, ஒருத்தர் ஒரு நாளைக்கு 100 ஸ்லைடுக்கு மேல பாக்கக்கூடாதுன்னு உச்சவரம்பு வச்சாங்க.

திறமைசாலிங்க உக்காந்து பாத்தாலும் ஒருத்தர் சொல்றதும் இன்னொருத்தர் சொல்றதும் ஒத்துப்போகாது. அமெரிக்கால ஆல்ட்ஸ்னு பெரிய ஆய்வு ஒண்ணு நடந்துச்சு, அதுல அஸ்கஸ்னு, அதாவது உறுதியா சொல்ல முடியாத மாற்றம்னு ஒருத்தர் ரிப்போர்ட் பண்ணின ஸ்லைடுகளை நிபுணர்கள் மறுபடி பாத்தப்ப 43 சதவீதத்துலதான் ஒத்துக்கிட்டாங்க. இது யாரோட கவனக்குறைவும் இல்ல. உருவத்தைப் பாத்து முடிவு எடுக்கற வேலைல இருக்கற எல்லை அது. கனடால மேய்ரண்ட் குழு 30ல இருந்து 69 வயசு வரைக்கும் 10 ஆயிரத்துக்குக் கொஞ்சம் மேல பெண்கள்கிட்ட பாப்பையும் ஹெச்பிவியையும் நேருக்கு நேர் ஒப்பிட்டு 2007ல வெளியிட்டாங்க. சின் 2, சின் 3 இருக்கறவங்கள்ல ஒரே தடவை எடுத்த பாப் பிடிச்சது 55.4 சதவீதம், ஹெச்பிவி பிடிச்சது 94.6 சதவீதம். நோய் இல்லாதவங்களை இல்லைன்னு சரியா சொல்றதுல பாப் 96.8, ஹெச்பிவி 94.1. இந்த நாலு எண்ணையும் எங்க லேப்ல சேர்ற புதுப் பசங்களுக்கு நான் முதல் நாளே சொல்லிருவேன்.

அப்படின்னா பாப் தோத்துப்போன டெஸ்ட்டான்னு கேட்டா இல்லவே இல்ல. ஒழுங்கா கூப்பிட்டு, ஒழுங்கா திரும்பத் திரும்ப எடுத்த நாடுகள்ல இந்தக் கேன்சரைப் பாதிக்கும் மேல குறைச்சது இதுதான். ஒரு தடவை விட்டாலும் மூணு வருஷத்துல அடுத்த தடவை பிடிச்சிரும், நோய் மெதுவா போறதால அந்த ரெண்டாவது வாய்ப்பு கிடைக்குது. ஆனா அந்த ரெண்டாவது வாய்ப்பு திரும்ப வர்றவங்களுக்குத்தான். வாழ்நாள்ல ஒரே ஒரு தடவை வந்துட்டுப் போறவங்களுக்கு 55ங்கற எண் அப்படியே விதியாகிரும்.

அடுத்தது லிக்விட் பேஸ்டு. பிரஷை ஸ்லைடுல தேய்க்காம நேரா ஒரு திரவத்துல அலசி அனுப்பறது. இதுல தின்ப்ரெப்ங்கற பிராண்டு 1996ல வந்துச்சு, மெத்தனால் கலந்த திரவம், மெஷின் ஒரு ஃபில்டர் வழியா செல்லை இழுத்து ஸ்லைடுல வட்டமா ஒத்தி எடுக்கும். இன்னொரு பிராண்டு சூர்பாத் 1999, அதுல பிரஷ் தலையையே கழட்டி பாட்டிலுக்குள்ள போட்டுரணும், லேப்ல வேகமா சுத்தவிட்டு (சென்ட்ரிஃப்யூஜ் பண்ணி) ரத்தத்தையும் சளியையும் பிரிப்பாங்க. ரத்தம் நிறைய கலந்த சாம்பிள் தின்ப்ரெப்ல வந்தா ஃபில்டர் அடைச்சு, ஸ்லைடு நடுவுல காலியா ஓட்டை மாதிரி இருக்கும். அந்த பாட்டிலை எடுத்து கிளேசியல் அசிட்டிக் ஆசிட் கலந்து அலசி, சிவப்பணு எல்லாம் உடைஞ்சு வெளிய போனதுக்கு அப்புறம் மறுபடி மெஷின்ல வச்சா, அதே சாம்பிள்ல இருந்து படிக்கற மாதிரி ஒரு ஸ்லைடு கிடைச்சிரும். ஒரு பெண்ணை மறுபடி கூப்பிட்டு அந்த மேஜைல படுக்க வைக்கற சங்கடம் மிச்சம். எனக்கு லிக்விட் பேஸ்டு பிடிச்சதே இதுக்காகத்தான். இங்கிலாந்துல சோதனை ஓட்டம் பாத்தப்ப, படிக்கவே முடியலன்னு திருப்பி அனுப்பற சாம்பிள் 9.1 சதவீதத்துல இருந்து 1.6க்கு இறங்குச்சு, அதை வச்சுதான் 2003ல அங்க முழுசா மாறச் சொன்னாங்க.

ஆனா விளம்பரத்துல சொல்ற மாதிரி அதிகம் கண்டுபிடிக்குதா? நெதர்லாந்துல கிட்டத்தட்ட 90 ஆயிரம் பெண்களை வச்சு நடந்த நெத்கான் ஆய்வு 2009ல வந்துச்சு, பழைய பாப்புக்கும் இதுக்கும் சின் 2ஐயும் அதுக்கு மேல உள்ளதையும் பிடிக்கறதுல வித்தியாசம் இல்ல. இத்தாலில நடந்த ஆய்வும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னுச்சு. ஸ்லைடு சுத்தமா இருக்கு, வேகமா படிக்கலாம், கண்ணு வலி குறைவு, எல்லாம் சரிதான், ஆனா பாக்கறது அதே கண்ணு, தேடறது அதே செல். அதனால லிக்விட் பேஸ்டு நெகட்டிவ்ங்கறது பாப் நெகட்டிவை விட ஒரு நாள் கூட அதிகம் தாங்காது. நல்ல ஸ்லைடு கிடைக்குதுன்னு சொல்லுங்க, ஒத்துக்கறேன். நல்ல டெஸ்ட்டுன்னு சொன்னா ஒத்துக்க மாட்டேன். அதோட உண்மையான லாபம் பாட்டில்ல மிச்சம் இருக்கற திரவம். அதுலயே ஹெச்பிவி பாக்கலாம், இன்னொரு தடவை சாம்பிள் எடுக்க வேண்டாம். அதுலயும் ஒரு சின்ன சிக்கல் இருக்கு, சூர்பாத் திரவத்துல கொஞ்சம் ஃபார்மால்டிஹைடு உண்டு, அது டிஎன்ஏவைப் பிணைச்சுப் போட்டுரும், சூடு பண்ணி விடுவிச்சாத்தான் டெஸ்ட் சரியா வேலை செய்யும். எந்தத் திரவத்துக்கு எந்தக் கிட்டை அங்கீகரிச்சிருக்காங்கன்னு பாக்காம மாத்தி மாத்தி ஓட்டறது ரொம்பத் தப்பு.

இப்ப ஹெச்பிவி. ஹரால்ட் சுர் ஹவுசன் 1983ல ஹெச்பிவி 16ஐயும் அடுத்த வருஷம் 18ஐயும் கேன்சர் திசுவுல இருந்து பிரிச்சுக் காட்டினார், 2008ல நோபல் கிடைச்சுது. உலகத்துல வர்ற கர்ப்பப்பை வாய் கேன்சர்ல சுமார் 70 சதவீதத்துக்கு இந்த ரெண்டு டைப்தான் காரணம். இதுக்கு அப்புறம் கேள்வியே மாறிப்போச்சு. செல் கெட்டுப்போச்சான்னு பாக்கறதுக்குப் பதிலா, செல்லைக் கெடுக்கறது உள்ள இருக்கான்னு பாக்கலாம். நிலத்துல பயிர் வாடியிருக்கான்னு பாக்கறதுக்கும், வேர்ல பூச்சி இருக்கான்னு தோண்டிப் பாக்கறதுக்கும் உள்ள வித்தியாசம்தான் இது.

ஹெச்பிவி டெஸ்ட்னு ஒரே பேர்ல சொல்றோம், ஆனா உள்ள போனா வேற வேற ஜாதி. முதல்ல பரவலா வந்தது ஹைபிரிட் கேப்சர் 2. அதுல டிஎன்ஏவைப் பெருக்கறதே இல்ல. புரோப்ங்கற ஆர்என்ஏ துண்டை வைரஸ் டிஎன்ஏவோட சேர விட்டு, அந்த ஜோடியை ஆன்டிபாடியால பிடிச்சு, வெளிச்சமா அளக்கறாங்க. 13 டைப்பைச் சேத்துப் பாக்கும், எது இருக்குன்னு பிரிச்சுச் சொல்லாது. நீண்டகால ஆய்வுகள் நிறைய இதை வச்சுதான் நடந்திருக்கு, அதனால இதுக்கு ஒரு மரியாதை உண்டு. ஆனா இதுல உள்கட்டுப்பாடு கிடையாது, அதாவது பாட்டில்ல மனுஷ செல்லே இல்லாட்டியும் இது நெகட்டிவ்னுதான் சொல்லும். எடுத்தவங்க கை சரியா படாம வெறும் திரவம் வந்திருந்தாலும் நெகட்டிவ். நெகட்டிவோட மதிப்பைப் பத்தி இவ்வளவு பேசற எனக்கு இது உறுத்தற விஷயம். கோபாஸ் மாதிரி, டிஎன்ஏவைப் பல மடங்கு பெருக்கிப் பாக்கற பிசிஆர் டெஸ்ட்டுகள்ல பீட்டா குளோபின்னு ஒரு மனுஷ ஜீனையும் சேத்தே தேடுவாங்க, அது கிடைக்கலன்னா ரிசல்ட் வராது, இன்வேலிட்னு வந்துரும். கோபாஸ் 14 டைப் பாக்கும், 16ஐயும் 18ஐயும் தனியா சொல்லும். அமெரிக்கால சைட்டாலஜி இல்லாம தனியா முதல் டெஸ்ட்டா வைக்கலாம்னு 2014ல முதன்முதலா அனுமதி வாங்கினது இதுதான்.

எந்த ஜீனைத் தேடறாங்கங்கறதும் முக்கியம். கோபாஸ் வைரஸோட எல்1ங்கற ஜீன் பகுதியைத் தேடும். வைரஸ் நம்ம குரோமோசோமுக்குள்ள போய் ஒட்டிக்கும்போது எல்1 தொலைஞ்சு போக வாய்ப்பு உண்டு, இ6, இ7ங்கற ஜீன் ரெண்டும் தொலையாது, ஏன்னா கேன்சரைத் தடுக்கற பி53, ஆர்பிங்கற புரோட்டீன்களை முடக்கி செல்லைக் கேன்சராக்கறதே அந்த ரெண்டும்தான். எக்ஸ்பர்ட், ஆன்கிளாரிட்டி மாதிரி டெஸ்ட்டுகள் எல்லாம் இ6, இ7 பக்கம் தேடும். ஆப்டிமாங்கற டெஸ்ட் இன்னும் ஒரு படி போய், இ6, இ7 ஜீன் வேலை செய்யுதான்னு அதோட எம்ஆர்என்ஏவைத் தேடும், அதனால சும்மா வந்துட்டுப் போற தொற்றுகளைக் கொஞ்சம் ஒதுக்கிரும், ஸ்பெசிஃபிசிட்டி, அதாவது நோய் இல்லாதவங்களை இல்லைன்னு சரியா சொல்றது, சற்று கூடுதல். இதைப் பயன்படுத்தலாம்னு உலக சுகாதார நிறுவனமும் சொல்லியிருக்கு, ஆனா சாம்பிளை மருத்துவப் பணியாளர் எடுத்திருக்கணும், இடைவெளி 5 வருஷம்னு வரம்பு வச்சிருக்கு. டிஎன்ஏ டெஸ்ட்டுக்கு பொதுவா 30 வயசுல ஆரம்பிச்சு 5ல இருந்து 10 வருஷத்துக்கு ஒரு தடவைன்னு அதே நிறுவனத்தோட 2021 வழிகாட்டுதல் சொல்லுது.

இந்த இடத்துல ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லணும். எங்க பிசிஆர் அஞ்சு காப்பி இருந்தாலும் பிடிக்கும்னு சொல்ற கிட்டுகளைக் கண்டு மயங்கிராதீங்க. ஹெச்பிவி தொத்தறவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு ஒண்ணு ரெண்டு வருஷத்துல உடம்பே அதை விரட்டிரும். அந்தக் கொஞ்சூண்டு வைரஸை எல்லாம் பாசிட்டிவ்னு சொன்னா ஒரு நன்மையும் இல்ல, அந்தப் பெண் பயந்துபோய் கால்போஸ்கோப்பி (கர்ப்பப்பை வாயை லென்ஸ் வழியா பெருசா பாக்கறது), பயாப்சி (சதைத் துண்டு எடுத்துப் பாக்கறது)ன்னு அலையறதுதான் மிச்சம். ஸ்க்ரீனிங்குக்கு வேண்டியது நோயைப் பிடிக்கற அளவு, வைரஸைப் பிடிக்கற அளவு இல்ல. ஹைபிரிட் கேப்சர் 2 கூட ஒரு மில்லிக்கு 1 பிகோகிராம்னு ஒரு கோட்டைப் போட்டு அதுக்குக் கீழ இருக்கறதை விட்டுரும், அது வேணும்னே வச்ச கோடு. இதைச் சரிபாக்கத்தான் 2009ல மெய்யர் குழு அளவுகோல் போட்டாங்க. புது டெஸ்ட் எதுவா இருந்தாலும் சின் 2ஐயும் அதுக்கு மேல உள்ளதையும் பிடிக்கறதுல ஹைபிரிட் கேப்சரோட 90 சதவீதமாவது வரணும், ஸ்பெசிஃபிசிட்டில 98 சதவீதமாவது வரணும். சந்தைல இருக்கற பல ஹெச்பிவி கிட்டுகள் இந்த மாதிரி எதையும் கடந்து வந்தது கிடையாது. உங்க லேப்ல எந்தக் கிட் ஓட்டறாங்க, அது ஸ்க்ரீனிங்குக்கு வேலிடேட் ஆனதான்னு கேக்கறதுக்கு உங்களுக்கு முழு உரிமை இருக்கு, கேளுங்க.

சரி, அந்த நெகட்டிவ் எவ்வளவு நாள் தாங்கும்? ஐரோப்பால ஆறு நாட்டுத் தகவலைச் சேத்து டில்னர் குழு 2008ல வெளியிட்ட ஆய்வுல, ஹெச்பிவி நெகட்டிவ் ஆனவங்களுக்கு 6 வருஷத்துக்குள்ள சின் 3ஓ அதுக்கு மேலயோ வர்ற வாய்ப்பு 0.27 சதவீதம். சைட்டாலஜி நெகட்டிவ் ஆனவங்களுக்கு 3 வருஷத்துலயே 0.51. பாதி காலத்துல கிட்டத்தட்ட ரெட்டை ஆபத்து. மகாராஷ்டிரா உஸ்மானாபாத் மாவட்டத்துல சங்கரநாராயணன் குழு 1 லட்சத்து 31 ஆயிரம் பெண்களை வச்சு நடத்தின ஆய்வு 2009ல வந்துச்சு, எனக்கு எல்லாத்தையும் விட இதுதான் பெருசு. ஏன்னா அது வாழ்நாள்ல ஒரே ஒரு தடவை டெஸ்ட் கிடைக்கறவங்களோட நிஜ நிலைமை. ஹெச்பிவி எடுத்த குழுவுல இந்தக் கேன்சரால இறந்தவங்க 34 பேர், எந்த ஸ்க்ரீனிங்கும் இல்லாத குழுவுல 64 பேர். பாப் எடுத்த குழுவுலயும் அசிட்டிக் ஆசிட் தடவிக் கண்ணால பாத்த குழுவுலயும் சாவு குறைஞ்சதா உறுதியா சொல்ல முடியல. அதுலயே இன்னொரு கணக்கு இருக்கு: பாப்லயோ அசிட்டிக் ஆசிட்லயோ நெகட்டிவ்னு வீட்டுக்கு அனுப்பப்பட்டவங்களுக்குப் பிற்பாடு கேன்சர் வந்த விகிதம், ஹெச்பிவி நெகட்டிவ் ஆனவங்களை விட நாலு மடங்குக்கு மேல. அதைப் படிச்சதுக்கு அப்புறம் எது முதல் டெஸ்ட்டா இருக்கணும்னு எனக்குச் சந்தேகமே வந்ததில்ல, என் கை பழகின வேலை மைக்ராஸ்கோப்தான்னாலும்.

ஆனா மைக்ராஸ்கோப்புக்கு வேலை போகல, இடம்தான் மாறியிருக்கு. ஹெச்பிவி பாசிட்டிவ்னா கேன்சர் இல்ல, பாசிட்டிவ் ஆனவங்கள்ல யாருக்கு இப்பவே கவனம் தேவைன்னு பிரிக்கணும். 16 அல்லது 18 இருந்தா நேரா கால்போஸ்கோப்பி. மத்த டைப்பா இருந்தா சைட்டாலஜி. இந்த ஸ்லைடு வைரஸ் இருக்கறவங்களோடதுன்னு முன்னாடியே தெரிஞ்சு பாக்கும்போது அந்தச் சின்னச் செல் முன்ன மாதிரி சுலபமா நழுவாது, கண்ணு தன்னால நின்னு பாக்கும், ஆய்வுகளும் அதையேதான் சொல்லுது. அதோட பி16, கேஐ67ங்கற ரெண்டு புரோட்டீனையும் நிறமாக்கிக் காட்டற ரெட்டை ஸ்டெயின் வந்திருக்கு, அமெரிக்கால 2020ல அனுமதிச்சாங்க. ஒழுங்கான செல்லுல இந்த ரெண்டும் சேந்து வரவே வராது, ஒண்ணு செல் பிரியறதை நிறுத்தச் சொல்லும், இன்னொண்ணு பிரியும்போது மட்டும் தெரியும். ஒரே செல்லுல சைட்டோபிளாசம் பழுப்பாவும் நியூக்ளியஸ் சிவப்பாவும் தெரிஞ்சா, ஒரே ஒரு செல் போதும், பாசிட்டிவ். வடிவத்தைப் பாத்து வாதாட வேண்டியதில்ல. அஸ்கஸ்னு எழுதி எழுதிச் சலிச்சவங்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதின்னு சொல்லி மாளாது.

தானே சாம்பிள் எடுக்கறதைப் பத்தியும் சொல்லணும், ஏன்னா டெஸ்ட்டுக்கே வராதவங்களுக்குத்தான் கேன்சர் முத்திப்போய் தெரிய வருது, அவங்க வராததுக்குப் பெரிய காரணம் கூச்சம். பெண்கள் தாங்களே எடுத்த சாம்பிள்ல பிசிஆர் போட்டா, டாக்டர் எடுத்ததுக்குச் சமமா நோயைப் பிடிக்குதுன்னு ஆர்பின் குழு 2018ல காட்டினாங்க. ஆனா ஹைபிரிட் கேப்சர் மாதிரி பெருக்காத டெஸ்ட்டுகள்ல அந்த அளவு வரல. அதனால தானே எடுக்கற திட்டம் போடறவங்க முதல்ல பாக்க வேண்டியது கிட் என்ன ரகம்னு. ஆஸ்திரேலியால 2022 ஜூலைல இருந்து ஸ்க்ரீனிங் வயசுல இருக்கற எல்லாருக்கும் இந்த வழி திறந்திருக்கு. இதுல ஒரு குறை, அந்த சாம்பிள்ல சைட்டாலஜி பாக்க முடியாது, கர்ப்பப்பை வாயோட செல் அதுல போதுமான அளவு இருக்காது. பாசிட்டிவ் வந்தா அவங்க நேர்ல வந்துதான் ஆகணும், அவங்களைத் தேடிப் பிடிச்சுக் கூட்டிட்டு வர ஆள் இல்லாத திட்டத்துல எவ்வளவு நல்ல கிட் வாங்கி வச்சும் பிரயோஜனம் இல்ல.

இன்னும் ரெண்டு விஷயம். 30 வயசுக்குக் கீழ வந்துட்டுப் போற தொற்று அதிகம்ங்கறதால அந்த வயசுல ஹெச்பிவியை முதல் டெஸ்ட்டா வைக்கறதைப் பல வழிகாட்டுதல்கள் தவிர்க்குது, சில நாடுகள் 25ல ஆரம்பிக்கறாங்க, ஹெச்ஐவியோட வாழறவங்களுக்கும் 25ல ஆரம்பிச்சு 3ல இருந்து 5 வருஷத்துக்கு ஒரு தடவை எடுக்கச் சொல்றாங்க. இன்னொண்ணு, இதெல்லாம் எந்த அறிகுறியும் இல்லாதவங்களுக்கான டெஸ்ட். உறவுக்கு அப்புறம் ரத்தம் வந்தாலோ, மாதவிடாய் நின்னதுக்கு அப்புறம் ரத்தம் பட்டாலோ, நாத்தம் அடிக்கற வெள்ளைப்படுதல் நிக்காம இருந்தாலோ, கையில போன மாசத்து ஹெச்பிவி நெகட்டிவ் ரிப்போர்ட் இருந்தாலும் டாக்டர்கிட்ட போய் உள்பரிசோதனை பண்ணிக்கோங்க. ஹெச்பிவியே இல்லாம வர்ற சில அடினோகார்சினோமா (சுரப்பிச் செல்லுல வர்ற கேன்சர்) ரகங்கள் உண்டு, குறைச்சல்தான், ஆனா அதை இதுவரைக்கும் சொன்ன எந்த டெஸ்ட்டும் நம்பகமா பிடிக்காது, பாக்கற டாக்டரோட கண்ணும் பயாப்சியும்தான் பிடிக்கும்.